தாவாங்கட்டையைச் சித்த இறக்குங்க

இறக்கியாயிற்று. இதற்குமேல் இறக்கினால் சட்டைப் பையில்தான் போய் முட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லாம் கறிக்கடையில் வரிசையில் நிற்கிறார்கள், நான் குளத்துக்கரை வாகை மரத்தடியில் தாவாங்கட்டையை இறக்கிக்கொண்டு நிற்கிறேன். பத்தடி தள்ளி என் மனைவி வசந்தாமணி, ஒரு காலை முன்னால் ஊன்றி, முந்தானையை இடுப்பில் செருகி, முகத்தை முழுசாகக் கேமராவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "தோளு, தோளு, அது எதுக்குங் காதுகிட்டப் போகுது?" என்கிறாள். போகிறதா? நாற்பத்தொன்பது வருஷமாக இந்த இரண்டு தோளையும் சுமந்துகொண்டு அலைகிறேன், அவை என்ன செய்கின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இறக்குகிறேன். இறக்கினால் வயிறு முன்னால் வருகிறது. வயிற்றை இழுத்தால் தோள் மறுபடி ஏறுகிறது. எங்கள் பனியன் கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்தால், இந்தப் பக்கம் சரிசெய்தால் அந்தப் பக்கம் இழுக்கிறது என்றால், வெட்டிலேயே தப்பு, தைத்தவனைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று ஒதுக்கிவிடுவோம். என்னை வெட்டியது யாரோ. "மூச்சு உடுங், செத்தவனாட்ட நிக்காதீங்," என்கிறாள். விடுகிறேன். அவள் இன்றைக்கு என்ன சொன்னாலும் கேட்பதாக வண்டியில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். நாலு மாசமாக இவள் எடுக்கிற படம் ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள், என் முதுகில் தைலம்கூடத் தேய்த்துவிடுகிறாள், ஆனால் நான் அறைக்குள் நுழைந்தால் கேமராவை அணைத்து உறையில் போட்டு ஜிப்பை இழுக்கிறாள். அந்த ஜிப் சத்தம் இருக்கிறதே, கதவை அறைந்து சாத்தினால்கூட அவ்வளவு உறைக்காது. இன்றைக்கு எடுப்பது என் மூஞ்சி. என் மூஞ்சியையாவது எனக்குக் காட்டமாட்டாளா என்ற ஆசையில்தான் சவரம் செய்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன். காட்டிவிட்டால் அப்புறம் இந்த வாயை என்ன செய்வது என்பது தனிப் பயம்.

வாயைச் சொல்லிக் குற்றமில்லை, கண்தான். கம்பெனியில் நான் கடைசிச் செக்கிங் பார்க்கிறவன். இருபத்தெட்டு வருஷமாக என் வேலை தப்புக் கண்டுபிடிப்பது. பீஸை மேசையில் விரித்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று கண் தானாக ஒரு சுற்றுப் போகும், கறையோ ஓட்டையோ தையல் விட்டதோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்புமுனை தப்பைக் காட்டும். எழுத வேண்டாம், பேச வேண்டாம், பீஸ் திரும்பப் போகும், தைத்தவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். நல்ல பீஸுக்கு என்ன ஒட்டுவோம் என்று கேட்டால், ஒன்றும் ஒட்டமாட்டோம். அதுதான் பாராட்டு. இந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வருகிறவன் எப்படி இருப்பான்? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சட்டையில் நூல் தொங்குவது எனக்குத்தான் முதலில் தெரியும். வசந்தாமணி கேமரா பிடிக்க ஆரம்பித்த புதிதில், பெங்களூரில் இருக்கிற மகள் தன் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போன வருஷம், எடுத்ததையெல்லாம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு என் முன்னால் வைப்பாள். "பாத்துச் சொல்லுங்." நானும் பார்ப்பேன். அடிவானம் சாய்ந்திருந்தால் ஒரு அம்பு. தலைக்குப் பின்னால் கரண்டுக் கம்பம் முளைத்திருந்தால் ஒரு அம்பு. இலை நிழலுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாகக் கன்னத்தில் விழுந்திருந்தால் பொட்டுக்கு ஒரு அம்பு. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தத் தப்பையெல்லாம் அடுத்த வாரம் செய்யாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேனா? பெருமைக்குத்தான் ஸ்டிக்கர் கிடையாதே.

மரகதத்தின் படம் வந்தது கார்த்திகை மாசம். மரகதம் பக்கத்து வீதியில் குடியிருக்கிறவள், வேறொரு பனியன் கம்பெனியில் அயர்ன் மேசையில் வேலை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது இதே கரையில் அவளை நிறுத்தி, கையில் டிபன் தூக்கோடு வசந்தாமணி எடுத்திருந்தாள். பிரிண்ட் மேசைமேல் இருந்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள். நான் பார்த்தேன், கண் வழக்கம்போல் ஒரு சுற்றுப் போனது, ஏழு அம்பு ஒட்டினேன். ஏழாவது அம்பு மரகதத்தின் கீழுதட்டு ஓரத்தில். அங்கே வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் அதிகமாகிக் கொளுத்திவிட்டது என்று நினைத்தேன். அது அவளுக்கு இருக்கிற வெண்புள்ளி. தெருவில் பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற பொம்பளை, அவள் உதட்டோரத்தில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அடிமடிப்பில் அரை அங்குல நூல் தெரிகிற கண்ணுக்கு அது தெரியவில்லை. நான் முகம் கழுவப் போன நேரத்தில் மரகதம் படத்தை வாங்கிப்போக வந்துவிட்டாள். நான் துண்டோடு வந்து நிற்கிறேன், வசந்தாமணி கடைப்பையோடு வாசலில் நிற்கிறாள், நடுவில் மரகதம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அதையும் பாத்துட்டாராக்கா அண்ணன்," என்றாள், கோபமே இல்லாமல். நகத்தால் அந்த ஒரு அம்பை மட்டும் மெதுவாக உரித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் தன் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு, படத்தை எடுத்துக்கொண்டு போனாள். மற்ற ஆறும் படத்தோடு போயின. மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று. "அட உடுங்ணா, உங்க கண்ணு அப்படி," என்று காப்பி கொடுத்தாள்.  வசந்தாமணிக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன், சாப்பிட்டாள். ராத்திரி கேமராவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அன்றிலிருந்துதான்.

"எங்கீங் பாக்கறீங்? என்னையப் பாருங்." எங்கே பார்ப்பது? அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, அதில் ஒரு துளியூண்டு ஆள் தலைகீழாகவோ நேராகவோ நிற்கிறான், நானாகத்தான் இருக்கும். ஸ்கூட்டர்மேல் சாய்த்துவைத்த தெர்மாகோல் அட்டை காற்றில் ஆடுகிறது. அதுதான் வெயிலைத் திருப்பி என் முகத்தில் அடிக்கிறதாம், இல்லாவிட்டால் கண்ணுக்குக் கீழே இருட்டடிக்குமாம். நல்ல யோசனைதான், சொல்லலாமா? இப்போது சொன்னால் காக்காய் பிடிக்கிறேன் என்று நினைப்பாள். அட்டை விழுகிறது. நான் எடுக்கப் போகிறேன், "அசையாதீங்!" என்று அதட்டல், அவளே ஓடி எடுத்து வைக்கிறாள், வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு நொடி அவள் முகம் தெரிகிறது, நெற்றியில் வியர்வை, மூக்குத்திக்குப் பக்கத்தில் கேமரா அழுத்தின தடம். அவ்வளவுதான், மறுபடி மறைந்துவிட்டாள். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் குரங்குக் குல்லாயோடு வந்தவர் நின்றுவிட்டார். "என்னங்ணா, சூட்டிங்குங்களா?" என்றார் என்னிடம். அசையக்கூடாதே, கண்ணால் ஆமாம் என்றேன். அவர் அதோடு போயிருக்கலாம். "அம்முணி, அவர அக்கட்டால நிறுத்துங், பின்னால தண்ணி நெறையா வரும். கையக் கட்டச் சொல்லுங். இல்லீன்னா பாக்கெட்டுல உடச் சொல்லுங்." வசந்தாமணி கேமராவை முகத்திலிருந்து எடுக்காமலே, "சரிங்," என்றாள். "சித்த சிரிக்கச் சொல்லுங் அம்முணி, கோர்ட்டுக்கு வந்தவராட்ட நிக்கறாரு." அதற்கும் "சரிங்." அவர் திருப்தியாக நடந்து போனார். இந்த ஊரில் படம் எடுக்கத் தெரியாதவன் இருப்பான், படத்துக்கு யோசனை சொல்லத் தெரியாதவன் ஒருவன்கூடக் கிடையாது. ஆனால் அவள் அந்த ஆளிடம் எவ்வளவு தணிவாகச் "சரிங்" என்றாள் பாருங்கள். யாரென்றே தெரியாதவன் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. நான் சொன்னால் போவதில்லை. நான் சொன்னதெல்லாம் எங்கேயோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. அது மரியாதையா தண்டனையா என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குப் புரியவில்லை.

நான் இங்கே வந்ததே ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்குத்தான். வசந்தாமணியோடு பத்துப் பொம்பளைகள் சேர்ந்த ஒரு படக்குழு இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை நூலகத்து மாடியில் கண்காட்சி வைக்கிறார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு முகம். கூரைக்குக் கீழே எடுக்கக்கூடாது, பிளாஷ் கூடாது, வானத்துக்குக் கீழே, இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். நாளைக்குப் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். பதினொன்று முடித்துவிட்டாள். பன்னிரண்டாவதாக ஆட்டோ ஓட்டுகிற அம்மா ஒருத்தி வருவதாக இருந்தது, அந்த அம்மாவுக்கு நேற்றுக் காய்ச்சல். நேற்றுச் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "காலைல வெள்ளனே நீங்க வர்றீங்களா?" என்றாள். வருகிறேன் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசனை. வேறு ஆள் கிடைக்காமல் கேட்டாளா? மரகதத்தின் தம்பி இருக்கிறான், மாவு மில்காரர் இருக்கிறார், கேட்டால் எத்தனை பேர் வரமாட்டார்கள். அப்படியானால் என்னைத்தான் கேட்டாளா? பதினொன்றில் யார் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. தெரியாத பதினொரு பேர் பக்கத்தில் பன்னிரண்டாவதாகத் தொங்கப்போகிறேன். தொங்குவது என்றாலே எனக்குப் பயம். எங்கள் பக்கத்தில் ஆம்பிளையைத் தனியாக நிற்கவைத்துப் படம் எடுப்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், சொல்லமாட்டார்கள். என் மச்சான், அக்கா சாமியாத்தாளின் புருஷன், செத்துப்போனபோது வீட்டில் அவர் தனியாக இருக்கிற படம் ஒன்றுமில்லை. கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கி மாட்டினார்கள். தோளில் யாருடையதோ நாலு விரல் இருக்கிறது. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் மாலைக்குப் பின்னால் அந்த நாலு விரல்தான் என் கண்ணில் படுகிறது. யாருடைய கை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் போனால் இந்த நீலச் சட்டைப் படத்தைத்தான் மாட்டுவார்கள். மாட்டட்டும். வசந்தாமணி எடுத்தது என்று வருகிறவர்களிடம் மகள் சொல்லுவாள். அப்படி நினைத்தால் பயம் கொஞ்சம் குறைகிறது, அதற்காகவேனும் முகத்தைச் சுமாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

"என்னத்தைங் நெனைக்கறீங்? மொகம் ஓடுது." சாவை நினைத்தேன் என்று சொல்லமுடியுமா? "ஒண்ணுமில்ல புள்ள." "எதாச்சும் நல்லதா நெனைங்." நல்லதாக என்றால், நீதான். வேறு என்ன இருக்கிறது? தொண்ணூற்றாறு கடைசியில் அவள் எங்கள் கம்பெனிக்கு வந்தாள், பதினெட்டு வயசு, நூல் வெட்டுகிற மேசை. மற்ற பிள்ளைகள் வெட்டின பீஸில் பத்துக்கு இரண்டு அம்போடு திரும்பப் போகும், நானே கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு வார்த்தை பேசலாம். இவள் வெட்டினதில் ஒன்றும் இருக்காது. ஒரு மாசம் பார்த்தேன். ஒரு நூல் தொங்கவேண்டுமே! அவள் மேசைக்குப் போக ஒரு காரணமில்லை. கடைசியில் ஒருநாள், இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்த ஒரே திருட்டுத்தனம், நல்ல பீஸ் ஒன்றில் பக்கத் தையலில் ஒரு அம்பை ஒட்டிக் கொண்டுபோனேன். அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமில்லீங்களே," என்றாள். நான் நின்றேன். ஆமாம், ஒன்றுமில்லைதான்.  அவளுக்குப் புரிந்துவிட்டது, காதெல்லாம் சிவந்து, குனிந்து அடுத்த பீஸை எடுத்தாள். அன்றைக்கும் ஒட்டத்தான் தெரிந்தது, சொல்லத் தெரியவில்லை. போன மாசம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். "குரூப்புல போட்டா எல்லாரும் சூப்பர் சூப்பருங்கறாங்க கண்ணு. சூப்பர வெச்சு நான் என்ன பண்றது, கொழம்பா வெக்கறது? ஒருத்தராச்சும் எங்க தப்புன்னு சொல்லோணுமல்லோ," என்றாள். பேப்பரை இறக்கினேன். சொல்வதற்கென்றே பிறந்தவன் ஒருத்தன் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேனே. அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. குக்கர் விசிலடித்தது, போய்விட்டாள். எனக்கு அன்றிலிருந்து ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது. அவளுக்கு வலித்தது தப்பைக் காட்டினதா? அப்படியிருந்தால் முதல் அம்பிலேயே நிறுத்தியிருப்பாளே. அந்தப் படத்தில் மரகதம் எப்படி நின்றாள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்த களைப்பு, ஆனாலும் தலையை நிமிர்த்தி, தூக்குப்போசியை ஒரு பதக்கம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. ஏழு இடத்தைப் பார்த்தவன் அவளைப் பார்க்கவில்லை. அதைத்தான் வசந்தாமணி வாசலில் நின்று பார்த்தாள்.

டக். எடுத்துவிட்டாள். டக், டக், இன்னும் இரண்டு. கேமராவை இறக்கிப் பின்பக்கத்தைப் பார்க்கிறாள். புருவம் சுருங்குகிறது. நான் மரத்தடியிலேயே நிற்கிறேன், நகரலாமா கூடாதா என்று தெரியவில்லை, வலது கால் மரத்துவிட்டது. அவள் பார்க்கிறாள், பெரிதாக்கிப் பார்க்கிறாள், கட்டைவிரல் அங்கே இங்கே போகிறது. இனி உறையை எடுப்பாள். உறை ஸ்கூட்டர் கொக்கியில் தொங்குகிறது. அந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்கிறாள். போச்சு, என் மூஞ்சிகூட எனக்கு இல்லை. நின்றாள். திரும்பி என்னிடம் வந்தாள். வந்து, பக்கத்தில் நின்று, கேமராவின் முதுகை என் பக்கம் திருப்பினாள். "பாத்துச் சொல்லுங்," என்றாள். நாலு மாசத்துக்கு அப்புறம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் சமாளித்தேன். அப்புறம் பார்த்தேன். நீலச் சட்டை, வாகை மரம், பின்னால் குளம், தண்ணீரில் வெயில். கண் அதன் பாட்டுக்கு ஒரு சுற்றுப் போய்விட்டது, நான் தடுப்பதற்குள் போய்விட்டது, போய் ஒரு இடத்தில் நின்றது. காது தெளிவாக இருக்கிறது, காது மயிர்கூட எண்ணலாம். கண் இரண்டும் போகஸ் தப்பி மங்கலாக இருக்கின்றன. முகப்படத்தில் கண் தெளியாவிட்டால் அது ரிஜெக்ட், அதில் இரண்டு பேச்சுக் கிடையாது. நல்லாயிருக்கு என்று சொல்லிவிடலாம். சொன்னால் சிரிப்பாள், வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பாள், அடுத்த சனிக்கிழமை நூலகத்து மாடியில் கண் மங்கின ஒரு ஆள் அவள் பேரைத் தாங்கித் தொங்குவான், வருகிறவன் எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போவான். அவர்களோடு நானும் ஒருத்தன். இல்லை, என்னால் முடியாது. இவளுக்குப் பொய் சொல்ல முடியாது. காட்டாவிட்டால் காட்டாமல் போகட்டும். "கண்ணுத் தெளியல மணி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "போகஸ் காதுல போய் நின்னுருச்சு."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெரியுமுங்," என்றாள். "மூணும் அப்படித்தான். ஏன்னு தெரியுமுங்களா?" எனக்குத் தெரியவில்லை. "நான் அமுத்தற நேரத்துக்கு நீங்க மூஞ்சியக் கொண்டுட்டு முன்னால வந்தர்றீங். மூணு தடவையும். ஒரு சாண் வர்றீங். அப்படி என்னத்தத்தான் பாக்கறக்கு வர்றீங்? கேமராவுல நூல் தொங்குதா?" கேலிதான், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் முன்னால் போனேனா? கால் அசையவில்லையே. இடுப்புக்குமேல் போயிருக்கும். என்னத்தைப் பார்க்க? யோசித்தேன், நிஜமாகவே யோசித்தேன், யோசித்துச் சொன்னேன். "உன்ற மூஞ்சி தெரியல புள்ள. கேமரா மறைச்சுக்குது. காலைலிருந்து ரெண்டே தடவைதான் தெரிஞ்சுது. அதான் எட்டிப் பாத்திருப்பேன்." சொன்னபிறகு வெட்கமாகிவிட்டது. ஐம்பதைத் தொடப்போகிறவன் குளத்துக்கரையில் நின்று பேசுகிற பேச்சா இது? வசந்தாமணி திரும்பிப் பத்தடி நடந்து, பழைய இடத்தில் நின்றாள். கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனாள், கொண்டுபோனவள் நிறுத்தி, மெதுவாக மார்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறும் முகத்தோடு என்னைப் பார்த்தாள். நெற்றி வியர்வை காய்ந்திருந்தது. இடது புருவத்துக்குமேல் புதிதாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, எப்போது விழுந்தது? தோளை இறக்கச் சொல்லவில்லை, தாவாங்கட்டையைச் சொல்லவில்லை. நானும் அதையெல்லாம் மறந்துபோனேன். எட்டிப் பார்க்கவேண்டிய தேவையில்லை, எல்லாம் தெரிந்தது. டக் என்றது.

வந்து காட்டினாள். குளம் இடதுபக்கம் சாய்ந்து கிடந்தது. என் தலையில் ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தெர்மாகோல் அட்டையின் மூலை ஒன்று கீழே எட்டிப் பார்த்தது. சொன்னேன், ஒன்று, இரண்டு, மூன்று. "ம்," என்றாள். "அப்பறம்?" அப்புறம் என்ன? மூன்றுதான். "அப்பறமுங்?" அவள் தோள் என் கையில் இடித்துக்கொண்டிருந்தது. மறுபடி பார்த்தேன், சுற்றுப் போகாமல், நடுவில் நிற்கிற ஆளை. கண் இரண்டும் தெளிவாக இருந்தன. யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளைத்தான் பார்க்கிறான். இந்த மூஞ்சி எனக்கு இருப்பது எனக்குத் தெரியாது, கண்ணாடியில் ஒருநாளும் இவன் வந்ததில்லை. "இவன் நல்லவனாட்ட இருக்கறான் மணி," என்றேன். "இவனுக்கு உன்னைய நெம்பப் புடிக்கும்போல. வாயத் தொறந்து சொல்லீருக்க மாட்டான்."  அவள் முந்தானையை இடுப்பிலிருந்து உருவி முகத்தை ஒற்றிக்கொண்டாள், வெயில் ஏறிவிட்டதாக முனகினாள். "இதையே பன்னெண்டாவதா வெச்சுக்கறேன்." "கொளம் சாஞ்சிருக்குதே புள்ள." "சாஞ்சா என்னங்? தண்ணி கீழயா கொட்டிப்போயிரும்?" என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்து கேமரா வாரைக் கழற்றினாள். கேமராவை உறையில் வைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, கால்விரலில் எக்கி, அந்த வாரை என் கழுத்தில் போட்டு, கேமராவை என் கையில் வைத்தாள். "பின்னால இருக்கற இந்தப் பொத்தான அமுத்துனா மத்த பதினொண்ணும் வருமுங். பாத்துட்டுச் சொல்லுங்," என்றாள். வாரில் அவள் கழுத்துச் சூடு இன்னும் இருந்தது.